கேரவன் கீசரும் எங்க வீட்டு ஆர்.சி.சி.பி.யும்

கல்லூரி நண்பன் ஒருத்தன் பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தான், குடும்பத்தோட, சொந்தக் கேரவன்ல. பழைய வேனை வாங்கி படுக்கை, அடுப்பு, குட்டி பாத்ரூம், அதுல ஒரு கரண்ட் கீசர்னு அவனே மாத்திக்கிட்ட வண்டி. 14 கிலோமீட்டர் நடந்து முடிச்சு, அடி அண்ணாமலையில எங்க வீட்டு வாசல்ல நிறுத்தியிருந்த வண்டியில குளிக்கக் கிளம்பினாங்க. எக்ஸ்டென்ஷன் போட்டுக் கொடுத்தேன். கீசர் ஸ்விட்சைத் தட்டினதும் எங்க வீடு முழுக்க இருட்டு. ஆர்.சி.சி.பி. ட்ரிப்.

"உங்க வீட்டு வயரிங்லதான்டா கோளாறு. இத்தனை நாள் எல்லா இடத்துலயும் நல்லாத்தானே ஓடுச்சு? அதை பைபாஸ் பண்ணிடு, பத்து நிமிஷம்தானே" என்றான். பசங்க டவலோட நிக்கறாங்க. எனக்கும் கொஞ்சம் சபலம்தான்.

அப்பதான் அவன் மனைவி சொன்னாங்க: "அண்ணா, ஒரு மழை நாள்ல வண்டிக் கதவைத் தொட்டப்ப சுள்ளுனு இருந்துச்சு." மெயினைத் தொடாம மல்டிமீட்டரை எடுத்தேன்.

முதல்ல கணக்கு. 2000 வாட் கீசர், 230 வோல்ட்ல சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாதாரணம். ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேற: ஃபேஸ்ல போன கரண்ட் நியூட்ரல்ல முழுசா திரும்பி வருதா? 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சாலே, வேற வழியில எங்கேயோ ஒழுகுதுன்னு துண்டிச்சுடும். அந்த வேற வழி மனுஷ உடம்பாவும் இருக்கலாம்.

பிளக்கைப் பிடுங்கி, காயிலோட ரெண்டு வயரையும் கழட்டி அளந்தேன். ரெண்டு முனைக்கும் நடுவுல 26 ஓம். சரியான அளவு, காயில் அறுந்துபோகல. அடுத்து காயில் முனைக்கும் கீசர் பாடிக்கும். இங்க மீட்டர் எதையுமே காட்டக் கூடாது. 6 கிலோ ஓம் காட்டுச்சு. 230-ஐ 6000-ஆல வகுத்தா சுமார் 38 மில்லி ஆம்பியர். ட்ரிப் ஆனதுக்கு விடை கிடைச்சாச்சு.

(மீட்டர் ஒண்ணும் காட்டலைன்னாலும் முழுசா நம்பாதீங்க. அதோட பேட்டரி வோல்டேஜ்ல தெரியாத ஒழுக்கு, 500 வோல்ட் மெக்கர்ல தெரியலாம்.)

காயிலைக் கழட்டினா, சுத்தி வெள்ளையா சுண்ணாம்புப் படிவு. உப்புத் தண்ணி சூடாகும்போது கால்சியம் கார்பனேட் பிரிஞ்சு காயில் மேலேயே ஒட்டும். சூடு தண்ணிக்குப் போக முடியாம உலோக உறை அளவுக்கு மீறிக் கொதிச்சு, நாளடைவில விரிசல் விடும். உள்ளே இன்சுலேஷனா இருக்கற மெக்னீசியம் ஆக்சைடு பொடி அந்த வழியா ஈரத்தை உறிஞ்சிக்கும். கரண்ட் ஒழுக ஆரம்பிக்கும், ஆனா தண்ணி வழக்கம்போல சுடும். அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரல.

சரி, மத்த இடங்கள்ல ஏன் ட்ரிப் ஆகல? அவன் வீட்ல எம்.சி.பி. மட்டும்தான். 38 மில்லி ஆம்பியர் அதோட கண்ணுலயே படாது. எர்த் ஒழுங்கா இருந்தா அந்தக் கரண்ட் பேசாம மண்ணுக்குள்ள போயிடும். எர்த் செத்துப்போன சாக்கெட்ல மாட்டினா? கீசரோட எர்த் வயர் வண்டி பாடியில முறுக்கியிருக்கு. வண்டி நிக்கறதோ ரப்பர் டயர் மேல. மண்ணுக்குப் போக வழியில்லாம பாடி முழுக்க கரண்ட் காத்திருக்கும், ஈரத் தரையில நின்னு ஒருத்தர் கதவைத் தொடற வரைக்கும். அந்த "சுள்" அதுதான்.

மறுநாள் டவுன்ல புதுக் காயில், கேஸ்கெட், மெக்னீசியம் ஆனோடு வாங்கி மாட்டினோம். வண்டிக்குள்ளேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணும் போட்டாச்சு. இனிமே எந்த ஊர் சாக்கெட்ல மாட்டினாலும் காவல் வண்டியோடவே போகும்.

உங்க வீட்லயும் கீசர் போட்டதும் ட்ரிப் ஆனா, திட்டறதுக்கு முன்னாடி காயிலைப் பாருங்க. ஆர்.சி.சி.பி.யில இருக்கற டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அமுக்குங்க. விழலைன்னா, அன்னைக்கே மாத்துங்க.