அந்தமான் தீவுகளில் ஒட்டுக்கள்ளி

கள்ளி என்றவுடன் மணலும் வெயிலும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் அந்தமான் தீவுகளில் கள்ளி வளர்ப்பதா என்று சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும் பச்சைத் தண்டின் உச்சியில் செந்நிறப் பந்தொன்று அமர்ந்தாற்போல் தோன்றும் ஒட்டுக்கள்ளி இன்று நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் விலைக்குக் கிடைக்கிறது. தீவுகளுக்குச் செல்வோர் அதை உடன் கொண்டுபோவதும் உண்டு. பாலைவனச் செடி என்ற எண்ணத்தில் அதைச் சுட்டெரிக்கும் வெயிலில் வைப்பவரும், மழைக்காலத்தில் திறந்த வெளியில் விட்டுவிடுபவரும் சில வாரங்களிலேயே அதை இழந்துவிடுகின்றனர்.

இச்செடி உண்மையில் இரண்டு செடிகள். இரண்டும் பிறந்த சூழ்நிலைகள் வேறு, தேவைகளும் வேறு. இதை மனத்தில் கொண்டால் எந்தச் சீதோஷ்ணத்திலும் அதைப் பராமரிக்கும் முறை தானே விளங்கிவிடும்.

மேலே உள்ள செந்நிறப் பந்து, தென் அமெரிக்காவில் பராகுவே, வட அர்ஜென்டினா ஆகிய பிரதேசங்களில் வளரும் ஜிம்னோகாலிசியம் மிஹனோவிச்சி என்னும் சிறு கள்ளியின் திரிபு. 1941-ஆம் ஆண்டில் ஜப்பானில் வத்தனபே என்பவர் வளர்த்த ஏராளமான நாற்றுகளிடையே முற்றிலும் சிவந்த நாற்றுகள் இரண்டு தோன்றின. பச்சையம் இல்லாத நாற்று தனக்கு வேண்டிய உணவைத் தயாரிக்க இயலாது. விதையிலுள்ள உணவு தீர்ந்ததும் மடிந்துவிடும். அவர் அவற்றைப் பச்சைக் கள்ளியின் மீது ஒட்டிக் காப்பாற்றினார். இன்று உலகெங்கும் விற்கப்படும் செந்நிறப் பந்துகளுக்கு அதுவே தொடக்கம். பந்தின் பக்கங்களில் தோன்றும் சிறு குட்டிகளைக் கிள்ளி எடுத்து மீண்டும் ஒட்டியே இவ்வகையைப் பெருக்குகின்றனர். மஞ்சள், ஆரஞ்சு நிறத் திரிபுகளும் உண்டு. கடைகளில் இது அரிதன்று. சில ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருக்கும் செடியே அரிது.

கீழே உள்ள முக்கோணத் தண்டு, ஹைலோசீரியஸ் உண்டேட்டஸ். அண்மையில் தாவரவியலார் இதைச் செலினிசீரியஸ் இனத்தோடு சேர்த்துள்ளனர். பொதுமக்கள் இதை டிராகன் பழக்கொடி என்றே அறிவர். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா ஆகிய பகுதிகளின் வெப்பக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் கொடி இது. காற்றில் ஈரம், மரநிழலில் வடிந்து வரும் ஒளி, குளிரில்லா இரவு, வேரடியில் தேங்காத நீர் ஆகியவையே இது விரும்புவன. நம் இல்லங்களில் இரவில் மலரும் பிரம்ம கமலத்தை வளர்ப்போர் இதை எளிதில் உணர்வர்; அதுவும் மரத்தின்மேல் வாழும் கள்ளியே.

எனவே அந்தமானில் வேர்ச்செடிக்குச் சொந்த வீடு போன்ற சூழ்நிலை அமைந்திருக்கிறது. அந்நியமாக இருப்பது மேல்செடியே. உதகமண்டலத்திலோ நிலை நேர்மாறானது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் அவ்விடத்தில் வெளியே வைத்த டிராகன் கொடி முதலில் வெளிறி, பின்னர் நீர்கோத்ததுபோல் மெலிந்து சாய்ந்துவிடும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குமிடங்களில் குளிர்காலம் முழுவதும் செடியை வீட்டினுள் ஒளிபடும் சன்னலருகே வைத்து, நீரை வெகுவாகக் குறைக்க வேண்டும். குளிர்ப் பிரதேசத்தில் நிலையாக வளர்க்க எண்ணுவோர் டிரைக்கோசீரியஸ் போன்ற குளிர் தாங்கும் தண்டுக்கு மாற்றி ஒட்டிக்கொள்வது நலம். சென்னை போன்ற சமவெளி நகரங்களில் கோடை வெயிலே பகை. பச்சையம் இல்லாத மேல்தோல் நேர்வெயிலில் வெந்து தழும்பாகும். காலை வெயிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தீவுகளில் மழையும் ஒளியும்

அந்தமானில் மே முதல் டிசம்பர் வரை இரு பருவக்காற்றுகளும் மழை தருகின்றன. இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே குளிரைப் பற்றிய அச்சம் இங்கில்லை. அழுகல் ஒன்றே இங்குள்ள பெரும் அபாயம்; அது பெரும்பாலும் இரண்டு இடங்களில் தொடங்கும். மண்ணோடு சேரும் அடித்தண்டு ஒன்று. பந்தும் தண்டும் கூடும் பொருத்து மற்றொன்று. பொருத்தைச் சுற்றி மழைநீர் தங்கினால் பூசணம் நுழைகிறது. செடியை ஒளிபுகும் கூரையின்கீழ் வைக்க வேண்டும். ஆனால் பக்கங்களை அடைக்கலாகாது. மழைக்கு அஞ்சி நாற்புறமும் கண்ணாடியிட்டு மூடிய பெட்டியில் வைப்பது, மழையில் வைப்பதைக் காட்டிலும் தீயது எனலாம். நீரை வேரடியில் மட்டும் ஊற்ற வேண்டும். மேல்மண் நன்கு உலர்ந்த பின்னரே அடுத்த நீர்.

தொட்டி மண்ணில் உடைந்த செங்கல், கரித்துண்டு ஆகியவை பாதிக்கு மேல் இருக்கட்டும். எஞ்சிய பகுதிக்கு மட்கிய இலையுரம் போதும். கடற்கரை மணலைப் பயன்படுத்தலாகாது. அதில் உப்பு உண்டு. பவளத்துகள் கலந்த மணலில் சுண்ணாம்பும் மிகுதி. தென்னைநார்க் கழிவு மழைக்காலத்தில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதையும் குறைத்தே சேர்க்க வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் இக்கலவை விரைவில் காய்ந்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

ஒளியைப் பற்றி ஒரு சொல். வணிகர்கள் அனுப்பும் செடியில் பச்சைத் தண்டு சில சென்டிமீட்டர் உயரமே இருக்கும். பெட்டியில் அடுக்க அது வசதி, பந்துக்கோ பஞ்சம். பந்து உண்பது முழுவதும் தண்டு சமைத்த உணவு. மாதக்கணக்கில் மேகமூட்டம் நிலவும் தீவுகளில் 15 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமுள்ள தண்டே பொருத்தமாகும். ஒரு செடி மற்றொன்றுக்கு உணவளிப்பதை மாணவர்களுக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர், ஒரே அளவுள்ள இரு பந்துகளைக் குட்டையும் நெட்டையுமான தண்டுகளில் ஒட்டி, மாதந்தோறும் சுற்றளவை அளந்து பார்க்கச் செய்யலாம்.

இத்தீவுகளில் உள்ள மற்றொரு தொல்லை ஆப்பிரிக்கப் பெருநத்தை. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் வசம் தீவுகள் இருந்த 1942–45 ஆண்டுகளில் இது இங்கு கொண்டுவரப்பட்டது. மழை இரவுகளில் வெளிவந்து சதைப்பற்றுள்ள செடிகளைக் கரம்பிவிடும். தொட்டிகளைத் தரையில் வைக்காமல் உயர்ந்த பலகையில் வைத்து, அந்தியில் கையால் பொறுக்கி அழிப்பதே நம்பத்தக்க வழி. பொறுக்குவோர் கையுறை அணிவது அவசியம். மூளையுறையைத் தாக்கும் புழுவொன்று இந்நத்தைகளின் வழியே பரவக்கூடும்.

மீண்டும் ஒட்டுதல்

நன்கு பராமரித்தாலும் மெல்லிய டிராகன் தண்டு சில ஆண்டுகளில் களைத்துவிடுகிறது. தண்டு சுருங்கத் தொடங்கிய அன்றே பந்தைக் காப்பாற்ற முயல வேண்டும். இதற்கு வேண்டிய வேர்ச்செடியைத் தலைநிலத்திலிருந்து தருவிக்கத் தேவையில்லை. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரில் உள்ள மத்தியத் தீவு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் டிராகன் பழ வகைகளைத் திரட்டி ஆராய்ந்துள்ளது. தீவுகளில் இக்கொடி பயிராகவும் வளர்க்கப்படுகிறது. கவாத்து செய்யும்போது கழியும் தண்டே போதுமானது.

இளசும் முற்றலும் அல்லாத தண்டை வெட்டி, வெட்டுவாயை நிழலில் சில நாள் உலர்த்தி நட வேண்டும். வேரூன்றித் துளிர்க்கும் நிலையிலேயே ஒட்டுதல் நன்றாகப் பிடிக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். மழை மாதங்களில் உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றிக் கத்தியை எடுக்க வேண்டாம். சாராயத்தில் துடைத்த கத்தியால் தண்டின் உச்சியைக் கிடையாக வெட்டி, மூன்று விளிம்புகளையும் சற்றுச் சரிவாகச் சீவ வேண்டும். இல்லையெனில் வெட்டுவாய் உலரும்போது நடுப்பகுதி குழிந்து பந்தை விலக்கிவிடும். பந்தின் அடியையும் அவ்வாறே வெட்டினால் நடுவில் சிறு வளையமொன்று தெரியும். சாறு செல்லும் குழாய்கள் அங்கேதான் உள்ளன. அதில் பழுப்புப் புள்ளி இருந்தால், கத்தியை மீண்டும் துடைத்துத் தூய வெண்மை தோன்றும்வரை மெல்லிய வில்லைகளாகச் சீவிக்கொண்டே போக வேண்டும்.

இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று தொட்டாக வேண்டும். நடுவோடு நடு வைப்பது பார்வைக்கு அழகுதான். ஆனால் வளையங்களின் அளவு வேறாயின் அவை தொடவே மாட்டா. பந்தைச் சற்றே ஒதுக்கி, வளையங்கள் குறுக்கிடுமாறு அமைப்பதே சரி. ரப்பர் வளையத்தைப் பந்தின் மேலிருந்து தொட்டியின் அடிவரை மாட்டி, பத்து நாட்கள் நிழலில் வைத்தால் போதும். அதுவரை வெட்டுவாயில் ஒரு துளி நீரும் படலாகாது.

சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி ஆகியவற்றின்மேல் ஒட்டினால் என்ன என்று மாணவர் கேட்பதுண்டு. பெயரில் கள்ளியாயினும் அவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை, ஒட்டுப் பிடிக்காது. அவற்றின் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம் விளையும். முட்கள் சிறு மெத்தை போன்ற புடைப்பிலிருந்து தோன்றினால் அது உண்மைக் கள்ளி எனக் கொள்ளலாம்.

சப்பாத்திக்கள்ளியையும் வேர்ச்செடியாகச் சிலர் பயன்படுத்துகின்றனர். தீவுகளுக்கு அதைக் கொண்டுசெல்வது தவறு. தமிழ்நாட்டில் அது வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் அடைத்துக்கொண்டது பலரும் அறிந்த செய்தி. 1926-இல் இலங்கையிலிருந்து தருவித்த செதிற்பூச்சியே அதைக் கட்டுப்படுத்தியது. ஒரு துண்டு விழுந்த இடத்தில் வேரூன்றும் செடி அது. தலைநிலத்திலிருந்து அனுப்புவோர் மண்ணும் வேருமின்றிப் பந்தை மட்டும் காகிதத்தில் சுற்றி அனுப்பினால், அத்துடன் மண்வழிப் புழுக்களும் நத்தை முட்டைகளும் பயணம் செய்வதில்லை. வெட்டுவாய் உலர்ந்த பந்து ஓரிரு வாரம் தாங்கும்; வந்து சேர்ந்ததும் அடியைப் புதிதாகச் சீவி ஒட்டிக்கொள்ளலாம்.