ரத்தம் தேறினால் போதுமா?

லீஷ்மன் சாயம் ஏற்றிய ரத்த ஸ்மியரை எண்ணெய் லென்ஸின் அடியில் வைத்ததும் லேபில் இருப்பவர் முதலில் கவனிப்பது சிவப்பணுக்களின் அளவை. இயல்பான சிவப்பணு, பக்கத்தில் கிடக்கும் சிறிய லிம்போசைட்டின் உட்கரு அளவுக்குத்தான் இருக்கும். சிலருடைய ஸ்லைடில் அது இன்னும் பெரிதாக, முட்டை வடிவில் கிடக்கும். நடுவில் தெரிய வேண்டிய வெளுப்பு இருக்காது. அடுத்து அவர் நியூட்ரோஃபிலைத் தேடுவார். அந்த வெள்ளணுவின் உட்கரு மூன்று நான்கு துண்டாகப் பிரிந்திருப்பதுதான் வழக்கம். ஆறு துண்டோடு ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும் போதும், மெகலோபிளாஸ்டிக் ரத்தசோகையாக இருக்குமோ என்று சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார்.

இந்த ரத்தசோகைக்குப் பெரும்பாலும் இரண்டு வைட்டமின்களில் ஒன்று குறைந்திருப்பதே காரணம். ஒன்று பி9 என்கிற ஃபோலிக் அமிலம் (உணவிலும் உடலிலும் இருக்கும் அதன் வடிவம் ஃபோலேட்), மற்றது பி12. எது குறைந்திருக்கிறது என்பதை ஸ்லைடைப் பார்த்துச் சொல்ல முடியாது. எலும்பு மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்த்தாலும் சொல்ல முடியாது. இரண்டிலும் ஒரே தோற்றம். ஆனால் பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் விபரீதம் நேரும். ஹீமோகுளோபின் ஏறும், முகம் தெளியும். உள்ளே தண்டுவடமும் நரம்புகளும் கெட்டுக்கொண்டே போகும்.

இந்த இரண்டு வைட்டமின்களும் வேறுவேறு பொருள்கள் என்பதற்கு முதல் தடயம் இந்தியாவில்தான் கிடைத்தது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் இருந்தன. கிருமித் தொற்றா, சாப்பாடா என்று வில்ஸ் ஆராய்ந்தார். வீடுவீடாக என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டறிந்து, அதே உணவை எலிகளுக்குக் கொடுத்தார். 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931இன் தொடக்கத்தில் சென்னையின் கோஷா ஆஸ்பத்திரியிலும் அந்த வேலை தொடர்ந்தது. இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது.

பால், பழம், காய்கறி என்று எதுவும் அதிகம் இல்லாத உணவுதான் காரணம் என்று தெரிந்தது. அதற்கு மலிவான மருந்தாக அமைந்தது மார்மைட். பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும், ரொட்டியில் தடவிச் சாப்பிடும் கறுப்புப் பசை அது. அதைக் கொடுத்ததும் பெண்களின் ரத்தம் மளமளவென்று ஊறியது. 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வில்ஸ் இதை எழுதினார்.

அவர் செய்ததில் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அப்போது பாஸ்டனில் மைனாட், மர்ஃபி என்ற மருத்துவர்கள் இருவரும் பெர்னிஷியஸ் அனீமியா என்ற உயிர்க்கொல்லி ரத்தசோகையை ஈரல் உணவால் குணப்படுத்தியிருந்தார்கள். 1934இல் நோபல் பரிசையும் அதற்காகப் பெற்றார்கள். அந்த ஈரலைச் சுத்திகரித்து எடுத்த ஊசிமருந்து அவர்களுடைய நோயாளிகளுக்கு வேலை செய்தது. வில்ஸின் நோயாளிகளுக்கோ அது பலன் தரவில்லை. சுத்திகரிக்காத ஈரலும் ஈஸ்ட்டும்தான் கேட்டன. ஆகவே ஈரலில் இரண்டு வேறு பொருள்கள் இருக்க வேண்டும், சுத்திகரிக்கும்போது அவற்றில் ஒன்று கழிந்துபோகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். கருவி எதுவும் அதைக் காட்டவில்லை. யாருக்கு எது பலிக்கவில்லை என்பதைக் கூர்ந்து பார்த்தே கண்டுபிடித்தார். உலகின் மிகப் பெரிய பரிசுகள் எதுவும் அவரைத் தேடி வராதது நியாயமில்லை.

கழிந்துபோன பொருளான ஃபோலிக் அமிலத்தை 1941இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு டன் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதை லெடர்லி நிறுவனத்தின் ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்து 1945இல் அறிவித்த குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஃபோலேட்டை உடலில் சேரவிடாத ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்கு உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தவர். நம் கல்லூரிகளில் உயிர்வேதியியல் படித்த பலரும் ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்கும் ஃபிஸ்கே - சுப்பாராவ் முறையைச் செய்திருப்பார்கள். அந்தச் சுப்பாராவ் இவர்தான்.

பி12 கதை வேறு வழியில் போனது. பாஸ்டன் நகர மருத்துவமனையில் வில்லியம் காசில் என்ற இளம் மருத்துவர், பெர்னிஷியஸ் அனீமியா நோயாளிகளுக்கு மாட்டிறைச்சியை மட்டும் கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவரே 300 கிராம் இறைச்சியைச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதை வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, பக்குவப்படுத்தி, குழாய் வழியாக நோயாளிக்குச் செலுத்தினார். கேட்கவே சங்கடமாக இருக்கும் சோதனைதான். ஆனால் சில நாளிலேயே நோயாளியின் ரத்தத்தில் இளம் சிவப்பணுக்கள் பெருகின. நலமான இரைப்பையில் சுரக்கும் ஏதோ ஒன்று இவர்களிடம் இல்லை என்பது உறுதியானது. உள்காரணி என்ற அந்தப் புரதம் பி12-ஐப் பற்றிக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அது இல்லாதவர் எவ்வளவு ஈரல், முட்டை சாப்பிட்டாலும் பி12 மிகச் சொற்பமாகவே உடலில் சேரும். 1948இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பி12 சிவப்புப் படிகங்களாகப் பிரித்தெடுக்கப்பட்டது. நடுவில் கோபால்ட் அணு இருப்பதால் வந்த நிறம் அது.

இரண்டும் வேறு என்றால் ரத்தத்தில் மட்டும் ஏன் ஒரே கோளாறு?

ரத்த அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் டிஎன்ஏ-வை இரட்டிக்க வேண்டும். அதற்குத் தேவையான தைமிடினைச் செய்ய ஃபோலேட் வேண்டும். அது இல்லாவிட்டால் மஜ்ஜையில் அணு வளரும், ஆனால் பிரியாது. அதனால்தான் பெரிதாகிறது, பல அணுக்கள் மஜ்ஜையை விட்டு வெளியே வராமலே மடிகின்றன. ஆனால் நம் ரத்தத்தில் ஓடும் ஃபோலேட், தலையில் ஒரு மீத்தைல் தொகுதியைச் சுமந்திருக்கும். அந்தச் சுமையை ஹோமோசிஸ்டின் என்ற அமினோ அமிலத்தின் மேல் இறக்கும் நொதிக்கு பி12 வேண்டும். பீரோ நிறையப் பணம் இருந்தும் சாவி இல்லாதவர் நிலைமைதான் பி12 குறைந்தவருடையது: ஃபோலேட் இருக்கும், பயன்படாது. மாத்திரையில் உள்ள செயற்கை ஃபோலிக் அமிலம் மீத்தைல் சுமை இல்லாமல் உள்ளே வருவதால், பி12 இல்லாமலே டிஎன்ஏ வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. ரத்தம் தேறுவது இப்படித்தான்.

பி12-க்கு இன்னொரு வேலையும் உண்டு. மீத்தைல்மலோனிக் அமிலம் உடலில் தேங்காமல் அதை அடுத்த கட்டத்துக்கு மாற்றும் நொதிக்கும் அதுவே துணை. நரம்பின் மேலுறையான மையலின் கெடாமல் இருக்கவும் பி12 வேண்டும். இவற்றை ஃபோலிக் அமிலத்தால் ஈடுகட்ட முடியாது. 1940களின் இறுதியில் ஃபோலிக் அமிலம் கிடைத்த உற்சாகத்தில் பெர்னிஷியஸ் அனீமியா நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது மருத்துவர்கள் இதை நேரில் கண்டார்கள். ரத்த அறிக்கை நன்றாக இருந்தது; நோயாளியின் கால்கள் மரத்தன, நடை தள்ளாடியது.

இந்த வேதியியலே சோதனைக்கும் வழி காட்டியது. பி12 குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டின், மீத்தைல்மலோனிக் அமிலம் இரண்டும் ஏறும். ஃபோலேட் குறைந்தால் ஹோமோசிஸ்டின் மட்டும் ஏறும். ஸ்லைடும் மஜ்ஜையும் காட்டாத வித்தியாசத்தை இந்த இரண்டு எண்கள் காட்டிவிடுகின்றன. 1988இல் நியூயார்க்கின் லிண்டன்பாம் என்ற மருத்துவரும் சகாக்களும், பி12 குறைவால் நரம்பு அல்லது மனக்கோளாறு வந்த 141 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 40 பேருக்கு ரத்தசோகையும் இல்லை, சிவப்பணுக்கள் அளவில் பெருத்திருக்கவும் இல்லை. ரத்தம் நன்றாக இருக்கிறது, எனவே பி12-உம் சரியாகத்தான் இருக்கும் என்ற பழைய எண்ணத்துக்கு அதன்பின் இடமில்லை.

இன்று நம் ஊர் லேபில் பி12 அளக்கும் இயந்திரங்கள் பலவற்றில் பி12-ஐப் பிடிக்கும் தூண்டிலாக வைத்திருப்பது காசில் கண்ட அதே உள்காரணியைத்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. பெர்னிஷியஸ் அனீமியா உள்ளவர்களில் பலருடைய ரத்தத்தில் உள்காரணியையே எதிர்க்கும் எதிர்ப்புரதம் இருக்கும். அது இயந்திரத்தின் தூண்டிலையும் அடைத்துவிட்டால், குறைந்திருக்கும் பி12 இயல்பாக இருப்பதாக அறிக்கை வரும். ஃபோலேட்டிலும் எச்சரிக்கை தேவை. சிவப்பணுவுக்குள் ஃபோலேட் மிக அதிகம். ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் சீரத்தின் எண் பொய்யாக ஏறிவிடும். அதனால் அறிக்கையின் எண்ணும் நோயாளியின் உடம்பும் ஒத்துப்போகாவிட்டால் உடம்பு சொல்வதையே நம்ப வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னும் இரண்டு சங்கதி. இங்கே இரும்புச்சத்துக் குறைவு அதிகம். அது சிவப்பணுவைச் சிறிதாக்கும். பி12 குறைவு பெரிதாக்கும். இரண்டும் சேர்ந்தால் எம்.சி.வி. என்ற சராசரி அளவு நடுவில், இயல்பாக நின்றுவிடும். இரண்டாவது, பி12 கையிருப்பு ஈரலில் பல ஆண்டுகளுக்கு வரும். ஃபோலேட் சில மாதங்களுக்குத்தான். ஆகவே பி12 குறைவு ஓசையில்லாமல் வரும். இலை, காய், தானியத்தில் பி12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சிதான் வழி.

அரசு சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. கர்ப்பிணிகள் அதைத் தயங்காமல் சாப்பிட வேண்டும். அதை நிறுத்தச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கடையில் கிடைக்கும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரை அதைப் போலப் பத்து மடங்கு. வயதானவர்கள், சர்க்கரை நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், இரைப்பையிலோ குடலிலோ அறுவை செய்துகொண்டவர்கள், பால்கூடச் சேர்க்காதவர்கள், பாதம் மரத்துப்போவதாகவோ இருட்டில் கால் தடுமாறுவதாகவோ உணர்பவர்கள், அந்த மாத்திரையைத் தொடங்கும் முன் பி12 பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பி12 சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால் நரம்பு பெரும்பாலும் மீளும். தாமதித்தால் மீளாமலும் போகும்.