திருவிதாங்கூருக்கும் முன்னால்... குமரியில் 95 மாணவர்களுக்கு ஒரு 'சாலை'!

திருவிதாங்கூர் என்றதும் மார்த்தாண்ட வர்மாவும், 1741-ல் டச்சுப் படையைத் தோற்கடித்த குளச்சல் போரும்தான் நினைவுக்கு வரும். ஆனால், குமரி மண்ணின் அரச வரலாறு அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

அதற்குச் சாட்சி, புதுக்கடை அருகே உள்ள பார்த்திவபுரம் விஷ்ணு கோயில். கி.பி. 866-ல் இதை எழுப்பியவர் ஆய் மன்னர் கருநந்தடக்கன். 'நான் ராஜா' என்று அவர் நிலத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. முஞ்சிறை சபையாரிடம் இடம் வாங்கி, பதிலுக்கு வேறு நிலம் கொடுத்தார். ஆம், சிவாலய ஓட்டம் தொடங்கும் அதே முஞ்சிறைதான்!

கோயிலோடு ஒரு 'சாலை'யும் அமைத்தார். அன்று சாலை என்றால், தங்கி, சாப்பிட்டுப் படிக்கும் கல்விக்கூடம். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட இதில் 95 பேருக்கு இடம். வேதம் படிக்கும் பிராமண மாணவர்களுக்கு மட்டும்தான். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அல்ல. தப்பு செய்தால் அபராதம் உண்டு. இவ்வளவும் செப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

ரஷ்யர்களும் தங்கள் கதையை, 1721-ல் பீட்டர் அறிவித்த பேரரசிலிருந்து தொடங்குவதில்லை. 862-ல் ஆட்சிக்கு வந்ததாகப் பழைய வரலாற்றேடு சொல்லும் ரூரிக்கிலிருந்து தொடங்குகிறார்கள். நம் பார்த்திவபுரத்தைவிட நான்கே வருடம் மூத்த கதை!

ஆய் நாடு தேய்ந்தபின் வேணாடு தலையெடுத்தது. அதுதான் மார்த்தாண்ட வர்மா காலத்தில் திருவிதாங்கூராக விரிந்தது.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்கள், பார்த்திவபுரத்துக்கும் ஒரு எட்டு போய்வரலாம். அரண்மனைக்கு முந்தைய கதை அங்கேதான் இருக்கிறது.