ஸ்வீடனின் 'அரச பாதை'யில் தனியாக ஒரு வாரம்: செப்டம்பரில் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

போனில் சிக்னல் இல்லை. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. சுற்றிலும் மஞ்சளாக மாறிய பிர்ச் மரங்கள். இரவானால் வானத்தில் பச்சை ஒளி. ரீல்ஸில் பார்த்து 'நாமும் போகலாமே' என்று நினைத்திருப்பீர்கள். போகலாம். ஆனால், தனியாகப் போகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது பை அல்ல, காலண்டர்!

எந்தப் பாதை?

ஸ்வீடனின் வடகோடியில் உள்ள 'குங்ஸ்லேடன்' பாதை, அபிஸ்கோ முதல் ஹேமவான் வரை சுமார் 440 கி.மீ. நீளம். பலரும் தேர்ந்தெடுப்பது அபிஸ்கோவிலிருந்து நிக்கலுவோக்டா வரையிலான சுமார் 105 கி.மீ. மட்டுமே. 6 முதல் 7 நாள் நடை. ஸ்டாக்ஹோமிலிருந்து இரவு ரயில் ஏறினால் அபிஸ்கோவிலேயே இறங்கிவிடலாம்.

ஏன் செப்டம்பர்?

கோடையில் பாடாய்ப் படுத்தும் கொசுக்கள் இருக்காது. கூட்டமும் குறைவு. முதல் இரண்டு வாரங்களில் இலைகளின் நிறம் உச்சத்தில் இருக்கும். ஆனால், இந்த மாதத்தில் அங்கே பகல் பொழுது தினமும் கிட்டத்தட்ட 8 நிமிடம் குறைகிறது. ஒரே வாரத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேர வெளிச்சம் காலி!

பாதையில் 10 முதல் 20 கி.மீ. இடைவெளியில் சுற்றுலாச் சங்கத்தின் குடில்கள் உண்டு. மின்சாரம் கிடையாது, விறகு அடுப்பு, ஓடைத் தண்ணீர்தான். செப்டம்பர் பிற்பாதியில் இவை மூடப்பட்டுவிடும். தேதி ஆண்டுதோறும் மாறும் என்பதால், அதை உறுதிசெய்த பிறகே டிக்கெட் போடுங்கள்.

எப்போது திட்டமிட வேண்டும்?

ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் மலையேற்றத்துக்குக் கவரேஜ் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பாருங்கள்.

பையில் என்ன?

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தித் துணி உடல் சூட்டை உறிஞ்சிவிடும். பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் இது உயிருக்கே ஆபத்து. கம்பளி உள்ளாடை, மழைக் கோட், குளிர் தாங்கும் ஸ்லீப்பிங் பேக், காகித வரைபடம், திசைகாட்டி, ஹெட்லேம்ப் அவசியம். சமையல் கேஸ் கேனை விமானத்தில் கொண்டுபோக முடியாது; அங்கே போய்த்தான் வாங்கணும். கடை எல்லாக் குடில்களிலும் இல்லை என்பதால் உணவைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பலர் குழம்பும் இடம்

கம்பத்தின் மேல் சிவப்பு 'எக்ஸ்' குறி தெரிந்தால், அதுதான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். அது பனிக்காலப் பாதைக்கான அடையாளம். சில இடங்களில் அது நேராக ஏரிக்கும் சதுப்பு நிலத்துக்கும் போகும். பனி உறைந்த பிறகு அதில் போகலாம், செப்டம்பரில் முடியாது. நீங்கள் தேட வேண்டியது சிவப்பு வண்ணம் பூசிய கற்களை.

முதல் நாள் எப்படி?

அபிஸ்கோயாவுரே குடில் வரை 15 கி.மீ. ஆற்றோரமாக, பெரிய ஏற்றம் இல்லாத காட்டு வழி. சதுப்பில் போட்டிருக்கும் மரப்பலகைகள் மழையிலும் உறைபனியிலும் வழுக்கும், கவனம். இது தேசியப் பூங்கா என்பதால் கண்ட இடத்தில் கூடாரம் போடக் கூடாது. அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே. தோள் வலிக்கிறதா, ஷூ கடிக்கிறதா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். சரிப்படவில்லை என்றால் மறுநாள் திரும்பிவிடலாம்.

உண்மையான சோதனை செக்ட்யா கணவாய். 1,100 மீட்டருக்கு மேல் உயரம். செப்டம்பரிலேயே பனி விழலாம். முந்தைய குடிலின் பொறுப்பாளரிடம் வானிலை கேளுங்கள். அவர் 'நாளைக்குப் போங்க' என்றால், நாளைக்குத்தான். அதற்காகவே கையில் 2 நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு நேரமாச்சே என்ற பதற்றத்தில்தான் பலர் மோசமான வானிலையில் கணவாய் ஏறத் துணிகிறார்கள்.

தனியாகப் போகிறவருக்கு ஒரே ஒரு விதி

எந்த நாள் எந்தக் குடில், எந்தத் தேதிக்குள் போன் வராவிட்டால் ஸ்வீடனின் அவசர உதவிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். குடில்களின் பதிவேட்டிலும் அடுத்து போகும் இடத்தை எழுதுங்கள். நீங்கள் வராததைக் கவனிக்க ஒருத்தராவது இருக்கணும். தனிப் பயணத்துக்கும் அந்த ஒரு துணை தேவை.