பேஸ்மெண்ட் பாரில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. கடிதம் டைப் செய்யலாம், பாட்டுக் கேட்கலாம், இண்டர்நெட்டில் உலவலாம். இதற்கு மேல் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்களா? அமெரிக்க வீடுகளில் பலர் ஆசையோடு செய்து பார்க்கும் ஒரு வேலையை இங்கே காணலாம். வீட்டிலேயே காய்ச்சிய பீரை, பேஸ்மெண்டில் அமைத்த பாரில், ஓட்டலில் தருவது போலக் குழாயைத் திறந்து பிடிக்கிறார்கள். அந்தக் குழாய்க்குப் பின்னால் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைக் காவலுக்கு வைக்கிறார்கள்.

அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் பெரும்பாலான வீடுகளுக்குத் தரைக்குக் கீழே ஓர் அறை உண்டு. அதுதான் பேஸ்மெண்ட். துணி துவைக்கும் மெஷின், ஹீட்டர் எல்லாம் போக மீதி இடத்தில் சிலர் மேஜை, ஸ்டூல் போட்டு பார் அமைத்துக் கொள்கிறார்கள். சொந்த உபயோகத்திற்கு வீட்டில் பீர் காய்ச்ச அங்கே சட்டம் இடம் தருகிறது. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, வயது வந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். விற்கக் கூடாது. மிஸிஸிப்பி, அலபாமா மாநிலங்கள் மட்டும் 2013 வரை சம்மதிக்கவில்லை. தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் மது காய்ச்சுவது குற்றம் என்பதை மறந்துவிட வேண்டாம். ஆனால் இதே அமைப்பில் சோடா நிரப்பலாம். கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது.

குழாய் அமைப்பில் என்னென்ன உண்டு?

பீர் நிரப்பும் ஸ்டீல் பீப்பாயை கெக் என்கிறார்கள். வீடுகளில் அதிகம் பயன்படுவது 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் கொள்ளும் கார்னிலியஸ் கெக். முதலில் இவை பெப்சி, கோக் சிரப் அனுப்புவதற்காகச் செய்யப்பட்டவை. குளிர்பானக் கம்பெனிகள் வேறு முறைக்கு மாறியதும் பழைய கெக்குகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. வீட்டில் காய்ச்சுபவர்கள் அள்ளிக் கொண்டார்கள். இதனுடன் ஒரு கரியமில வாயு சிலிண்டர், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், ட்யூப், குழாய் ஆகியவை வேண்டும். கெக்கின் ஒரு வாய் வழியாக வாயு உள்ளே போகிறது. அந்த அழுத்தத்தில் மறு வாய் வழியாக பீர் வெளியே வருகிறது. 3 டிகிரி செல்சியஸ் குளிரில் 12 பி.எஸ்.ஐ. அழுத்தம் பொதுவாகச் சரியாக இருக்கும். ட்யூப் குட்டையாக இருந்தால் டம்ளர் முழுக்க நுரைதான் வரும். எனவே 3/16 அங்குல உள்விட்டமுள்ள ட்யூபைச் சுமார் 10 அடி நீளத்திற்குச் சுருட்டி வைக்கிறார்கள்.

குளிருக்கு, ஐஸ்கிரீம் கடையில் பார்ப்பீர்களே, மேல் மூடி திறக்கும் ஃப்ரீசர், அதையே பயன்படுத்துகிறார்கள். கெக்கையும் ஃப்ரீசரையும் சேர்த்து இதற்குக் கீஸர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் குளியலறை கீஸர் செய்வதற்கு நேர் எதிர் வேலை!

ஃப்ரீசரை அப்படியே ஓடவிட்டால் பீர் உறைந்துவிடும். எனவே வெப்பநிலை குறிப்பிட்ட அளவுக்கு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் டெம்பரேச்சர் கண்ட்ரோலர் தேவை. இந்த வேலையையும் கம்ப்யூட்டரிடமே கொடுத்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். கம்ப்யூட்டர் ஹேங் ஆவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஃப்ரீசர் ஓடிக் கொண்டிருக்கும்போது அது ஹேங் ஆனால், காலையில் 19 லிட்டர் பனிக்கட்டிதான் மிஞ்சும். கண்ட்ரோலர் தனியாக இருக்கட்டும். கம்ப்யூட்டர் பார்த்துக் கொண்டு மட்டும் இருக்கட்டும். கண்ட்ரோலரின் சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல் கெக்கின் பக்கவாட்டில் ஒட்டி வைப்பது நல்லது. இல்லையென்றால் மூடியைத் திறக்கும் போதெல்லாம் கம்ப்ரஸர் ஓட ஆரம்பிக்கும்.

கம்ப்யூட்டர் எங்கே வருகிறது?

2003-ல் தொடங்கிய கெக்பாட் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டம்தான் இந்த வகையில் பலருக்கு வழிகாட்டி. யார் எவ்வளவு பிடித்தார்கள், பீப்பாயில் மீதி எவ்வளவு என்று கணக்கு வைப்பது அதன் வேலை. 2012-ல் ராஸ்பெரி பை வந்தபின் இந்த வேலை மிகவும் மலிவாகிவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் முழுக் கம்ப்யூட்டர் இது. 2021-ல் 15 டாலருக்கு வெளியான ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ இந்த வேலைக்குத் தாராளம். ஹார்ட் டிஸ்க் கிடையாது, மைக்ரோ எஸ்.டி. கார்டில் லினக்ஸ் சிஸ்டத்தைப் பதிந்து செருக வேண்டும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இதனைப் பதியலாம். ஒன்று கவனியுங்கள்: இதையும் ஷட் டவுன் செய்துதான் நிறுத்த வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கினால் கார்டில் உள்ள ஃபைல்கள் கெட்டுப் போகலாம்.

பீரை அளக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, ட்யூபின் நடுவே ஃப்ளோ மீட்டர் வைப்பது. உள்ளே ஒரு சின்னச் சக்கரம் சுழலும். ஒவ்வொரு சுற்றுக்கும் மின் துடிப்பு வரும். கம்ப்யூட்டர் அதை எண்ணிக் கொள்ளும். மலிவான ஒய்.எஃப்.-எஸ்201 மீட்டர் லிட்டருக்குச் சுமார் 450 துடிப்புகள் தருகிறது. ஆனால் அது தண்ணீருக்கானது. உணவுக்கேற்ற தரத்தில் செய்யப்பட்ட மீட்டர்களையே பீருக்கு வாங்க வேண்டும். பல மீட்டர்கள் 5 வோல்ட்டில் இயங்கும், ராஸ்பெரி பையின் ஊசிகளோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவே இரண்டு ரெசிஸ்டர்கள் போட்டு வோல்ட்டைக் குறைக்காவிட்டால் போர்டு போய்விடும்.

ஃப்ளோ மீட்டரின் பெரிய குறை நுரை. வாயுக் குமிழிகள் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிடும். டம்ளரில் பாதி நுரை இருக்க, திரையில் முழு டம்ளர் கணக்காகும்.

இதனால் இரண்டாவது வழியே சிறந்தது என்பது என் கருத்து: கெக்கின் கீழே எடைபார்க்கும் லோட் செல்களை வைத்துவிடுவது. காலி கெக் சுமார் 4 கிலோ, நிரம்பினால் 23 கிலோ. 50 கிலோ தாங்கும் நான்கு லோட் செல்கள், எச்.எக்ஸ்.711 என்ற சின்ன போர்டு ஆகியவை போதும். பீர் செல்லும் வழியில் எதுவும் குறுக்கே இல்லாததால் கழுவுவதும் சுலபம். குளிரில் லோட் செல் சற்று மாற்றிக் காட்டும் என்பதால், ஃப்ரீசர் நன்றாகக் குளிர்ந்த பிறகு, எடை தெரிந்த ஒரு பொருளை வைத்து அளவைச் சரி செய்திடுங்கள்.

சிலிண்டரைக் கவனியுங்கள்

எத்தனை டம்ளர் பிடித்தோம் என்று திரையில் பார்ப்பது வேடிக்கைதான். ஆனால் இந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் உண்மையில் சம்பளம் வாங்க வேண்டிய வேலை வேறு. பேஸ்மெண்டில் மூடி கிடக்கும் கரியமில வாயுவைக் கவனிப்பதுதான் அது.

வீட்டில் வைக்கும் சிறிய சிலிண்டரில் 5 பவுண்டு, அதாவது 2.27 கிலோ வாயு திரவமாக இருக்கிறது. வெளியே வந்தால் அது 1,200 லிட்டருக்கு மேல் விரியும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.3 மீட்டர் உயரமுள்ள மூடிய அறையில் முழுவதும் கசிந்து கலந்தால், காற்றில் 4 சதவீதத்தைத் தாண்டிவிடும். பி.பி.எம். கணக்கில் 40,000க்கு மேல். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் குறித்திருக்கும் எல்லையே 40,000தான். எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்பட்ட சராசரி 5,000 மட்டுமே. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, வாசனையும் இல்லை. தரையை ஒட்டியும் ஃப்ரீசருக்குள்ளும் தேங்கும். சிலிண்டரை ஃப்ரீசருக்குள் வைத்திருப்பவர்கள், மூடியைத் திறந்தவுடன் உள்ளே தலையை விட்டுக் குனியக் கூடாது.

ரெகுலேட்டரில் உள்ள மீட்டர் காட்டிக் கொடுக்காதா? கொடுக்காது. சிலிண்டருக்குள் சொட்டுத் திரவம் இருக்கும்வரை, அறை வெப்பத்தில் அது 800 பி.எஸ்.ஐ.யையே காட்டிக் கொண்டிருக்கும். திரவம் தீர்ந்தபின்தான் முள் இறங்கும். அப்போது பெரும்பகுதி போய்விட்டிருக்கும். எனவே சிலிண்டருக்கும் ஒரு லோட் செல் வையுங்கள். குழாயைத் திறக்காத நாளில் எடை குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும்.

வாயுவை நேரடியாக அளக்க, அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் எம்.எச்.-இசட்19 போன்ற சென்சாரை வாங்கவும். எம்.க்யூ.135 போன்ற மலிவான சென்சார்கள் கரியமில வாயுவை நேராக அளப்பதில்லை. ஆல்கஹால் ஆவிக்கும் அவை துள்ளும். எம்.எச்.-இசட்19பி சென்சார், தினமும் தான் கண்ட குறைந்த அளவை 400 பி.பி.எம். என்று எடுத்துக் கொண்டு தன்னைத் திருத்திக் கொள்ளும். காற்றோட்டமில்லாத பேஸ்மெண்டில் இது தப்புக் கணக்கு. இந்த வசதியை நிறுத்திவிடுங்கள். பல அமெரிக்க வீடுகளில் கூரையில் இருக்கும் அலாரம் கார்பன் மோனாக்ஸைடுக்கானது. இந்த வாயுவுக்கு அது வாய் திறக்காது.

நீங்களே செய்த அலாரத்தை மட்டும் நம்பாமல், தனியாகப் பேட்டரியில் இயங்கும் கரியமில வாயு அலாரம் ஒன்றையும் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்திற்குள் மாட்டுங்கள். திரை பேஸ்மெண்டில் இருந்தால் பயனில்லை. படியிறங்கும் முன் பார்க்கும்படி மேல்மாடியில் இருக்க வேண்டும். சிலிண்டரைத் திறக்கும் முன், சென்சாரின் முன்னால் வாயால் ஊதிப் பாருங்கள். நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 4 சதவீதம் கரியமில வாயுதான். ஓரிரு நிமிடத்திற்குள் எண் தாவி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் வயர்களைச் சரி பாருங்கள். அதுவரை சிலிண்டரைத் திறக்க வேண்டாம்.