மலபார்த் தோட்டம்

நம் மும்பைக்கு மேற்கே விரிந்துள்ள அரபிக்கடலில், 1691 டிசம்பர் 15 அன்று, சூரத்துக்குச் சென்ற கப்பலில் டச்சுப் பிரபு ஒருவர் உயிர் நீத்தார். அவரே ஹென்றிக் வான் ரீடு.

1636இல் உயர்குடியில் பிறந்த அவர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, 1670இல் மலபாரின் ஆளுநரானார். அங்கு விளையும் மூலிகைகளின் பயனை உணர்ந்து, அவற்றைப் பற்றி ஒரு நூல் உருவாக்க முனைந்தார். ஓவியர்கள் செடிகளை வரைந்தனர். இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர், தம் முன்னோரின் ஓலைச்சுவடிகளில் இருந்த மருத்துவக் குறிப்புகளை எடுத்துரைத்தார். அவர் அளித்த மலையாளச் சான்றுரையும் நூலில் அச்சாயிற்று. ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’, அதாவது ‘மலபார்த் தோட்டம்’ என்னும் அந்நூல், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது.

1684இல் கம்பெனி அலுவலரிடையே பரவிய ஊழலைக் களையும் பொறுப்பு வான் ரீடிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பணியின்போது சோழமண்டலக் கடற்கரைக்கும் வந்தார். 1690இல் கம்பெனியின் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்திற்கு மாறியது. மறு ஆண்டு அவர் மறைந்தார். கல்லறை சூரத்தில் உள்ளது.

கம்பெனியின் ஆட்சி அழிந்தது, நூல் அழியவில்லை. அதில் வாழ்வது அச்சுதன் போன்றோரின் அறிவே. எழுதி வைத்தமையால் அது நிலைத்தது.

செயல்பாடு: உம் பாட்டியார் அறிந்த ஐந்து மூலிகைகளின் பெயர்களையும் பயன்களையும் கேட்டுத் தமிழில் எழுதுக.