100 கோடி வசூல் – கைக்கு வருவது எவ்வளவு?

ஆலங்குளத்தில் தெரிந்த அண்ணன் ஒருத்தர், வயலை வித்து சின்னப் படம் எடுக்கப் போறேன்னார். காரணம், 'லவ் டுடே' (2022). சுமார் 5 கோடியில் எடுத்து, 100 கோடி வசூல்னு செய்திகள் வந்த படம்.

வசூல் வேறு, வரவு வேறு. அப்போதைய கணக்கில், 190 ரூபாய் டிக்கெட்டில் 18% ஜிஎஸ்டி, 8% உள்ளாட்சி கேளிக்கை வரி போக மிச்சம் சுமார் 149. அதில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்கு. மீதி 75 ரூபாயில்தான் விநியோகஸ்தர் கமிஷன், விளம்பரம் எல்லாம்.

வாரம் ஏற ஏற தியேட்டர் பங்கும் கூடும். சின்னப் படத்துக்கோ, பேச்சு பரவி கூட்டம் சேர்வதே இரண்டாவது வாரம்தான்.

'லவ் டுடே'யைத் தயாரித்த ஏஜிஎஸ்ஸுக்கு சொந்தத் தியேட்டர்களும் உண்டு. அண்ணனுக்கு அந்த வயல் மட்டும்தான்.